கையால் செய்த லூரைச் சோதிப்பது எப்படி: தொட்டியிலிருந்து பேஸ் குளம் வரை

நான் முதன்முதலாகச் செய்த லூரை, அதாவது மீனை ஏமாற்ற மரத்தில் செதுக்கிய பொய் இரையை, குளத்தில் எறிந்த இரண்டாவது வீச்சிலேயே பேஸ் என்ற மீன் மாட்டியது. முக்கால் கிலோ தேறும். அந்த மிதப்பில் வீட்டுக்கு வந்து அதே அளவில் எட்டு லூர் இழைத்தேன். எட்டும் தண்ணீரில் மின்விசிறி மாதிரிச் சுழன்றன. பிறகுதான் சந்தேகம் வந்து முதலாவதை எடுத்துத் தொட்டியில் இழுத்துப் பார்த்தேன். அதுவும் சுழன்றது. மீன் மாட்டியது செப்டம்பர் மாதம். கரையோரம் குழி பறித்து முட்டைக்குக் காவல் நின்ற ஆண் மீன் அது. அந்த நேரத்தில் துணி கிளிப்பை எறிந்தாலும் வந்து கவ்வும்.

அதனால் இந்த வழிகாட்டியில் மீன் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் தராசு, தொட்டி, மூக்குக் குறடு, செல்போன் எல்லாம் வரும்.

எங்கே, எந்தக் குளத்தில்

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, டோங்காட் பக்கம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்தவர்கள் முதற்கொண்டு நம் ஆட்கள் கரும்பு வெட்டிய சீமை. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஓடையை மறித்துக் கட்டிய சின்னச் சின்னக் குளங்கள் உண்டு. எவ்வளவு சின்னதானாலும் எங்களுக்கு அது ‘டேம்’தான். பேஸ் பிடிக்கிறவர்கள் ஹேசல்மியர், இனாண்டா, ஆல்பர்ட் ஃபால்ஸ் என்று பெரிய அணைகளுக்குப் போவார்கள். போகட்டும். சோதனைக்குப் பெரிய தண்ணீர் ஆகாது. காற்று அலைக்கழிக்கும், ஆழம் தெரியாது, மீன் எங்கே நிற்கிறது என்றும் தெரியாது. சோதனைக்கு வேண்டியது, எங்கே எவ்வளவு ஆழம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரு குளம்.

தோட்டக்காரரிடம் அனுமதி வாங்குங்கள், மாகாணத்தின் நன்னீர் மீன்பிடி உரிமத்தையும் கையில் வைத்திருங்கள். பேஸ் இந்த மண்ணில் பிறந்த மீன் இல்லை. 1928இல் வெளிநாட்டிலிருந்து வந்தது. உள்ளூர்ச் சிறுமீன்களை ஒழித்துவிடும் என்பதால், உயிரோடு பிடித்து இன்னொரு குளத்தில் விடுவது அனுமதியில்லாமல் செய்தால் குற்றம். இன்னொன்று: கடலோரத் தாழ்நிலத்துக் குளங்களில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய் உண்டு. லூர் சிக்கிக்கொண்டது என்று முழங்கால் தண்ணீரில் இறங்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், இல்லையென்றால் லூரை மறந்துவிடுங்கள்.

சோதிக்கத் தக்க லூர்

செய்முறை தனிக் கதை, இங்கே சுருக்கமாக. இந்த வழிகாட்டி முக்கியமாக, முன்னால் நாக்கு மாதிரி ஒரு தகடு (‘லிப்’) வைத்த, சும்மா விட்டால் மிதந்து, இழுத்தால் ஆடியபடி மூழ்கும் கிராங்க்பெய்ட் வகைக்கு. ஆறு, ஏழு சென்டிமீட்டர் நீளம். பால்சா என்ற லேசான மரம் கிடைத்தால் நல்லது. ஜக்கரந்தா மரத்துண்டு இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, இழைக்கச் சுகமாக இருக்கும். இன்னொரு மரம் உண்டு: டர்பன் தெருக்களில் குளிர்காலத்தில் இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும் கோரல் மரம். நம் கல்யாண முருங்கைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தக்கை மாதிரி கனமே இருக்காது. வலைக்கு மிதவையாகக் கட்டிய மரம். ஆனால் மென்மையானது, முள் மாட்டும் திருகு வளையம் அதில் பிடிக்காது. தலையிலிருந்து வால் வரை ஒரே கம்பியை உள்ளே ஓட்டினால்தான் நிற்கும்.

லிப்புக்குப் பழைய சிடியை வெட்டிக்கொள்கிறேன். பாலிகார்பனேட், 1.2 மில்லிமீட்டர் கனம், நன்றாகத் தாங்கும். பெயின்ட் இப்போது வேண்டாம். என் அக்கா மகன் முதல்நாள் வந்ததும் இதைத்தான் கேட்டான்.

“மாமா, பெயின்ட் அடிச்சிட்டே சோதிச்சா என்ன?”

“அடிச்சா அழகா இருக்கும்டா. அப்புறம் ஓட்டை போட மனசு வராது.”

அது உண்மை. பெயின்ட் அடித்த லூரை யாரும் வெட்டித் திருத்துவதில்லை. மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். மரத்துக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலர் ஒரு பூச்சு மட்டும் அடித்து, வயிற்றில் பென்சிலால் எண் எழுதுங்கள். எண் இல்லாத லூரைச் சோதிப்பது பெயர் எழுதாத விடைத்தாளைத் திருத்துவது போல.

முதல் படி: தராசும் வாளியும்

நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். உடல் தனியாக, மூன்றுமுனைத் தூண்டில் முள்ளும் அதை வளையத்தில் மாட்டும் ஸ்பிளிட் ரிங்கும் தனியாக, எல்லாம் சேர்த்து என மூன்று எடையையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது வாளி. வயிற்று வளையத்தில் உறுதியான கம்பிக் கொக்கி மாட்டி, லூரைக் கையால் பிடித்து, பத்து லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியை அதில் தொங்கவிடுங்கள். பத்துக் கிலோ, ஒரு நிமிடம். வால் வளையத்துக்கும் அதே. பேஸ் பத்துக் கிலோ இழுக்காது, ஆனால் எங்கள் குளங்களில் பார்பலும் இருக்கிறது. மீசை வைத்த அந்தக் கெளுத்தி வகை கவ்வினால் வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், மீன் வாயில் முள்ளோடு. வாளிச் சோதனையில் வளையம் வந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள். கொல்லைப்புறத்தில் வந்தது, குளத்தில் வரவில்லை.

இரண்டாம் படி: தொட்டியில் நிற்கும் நிலை

குளியல் தொட்டி போதும். நான் வைத்திருப்பது 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் அறுத்த பாதி. முள், ரிங் எல்லாம் மாட்டித்தான் மிதக்கவிட வேண்டும். முள்ளில்லாமல் சமமாக நின்ற லூர், முள் மாட்டியதும் மூக்குக் குத்தும். கை கிழியாமல் இருக்க, பழைய முட்களின் கூர்முனையைக் கட்டரால் நறுக்கி, சோதனை முட்கள் என்று தனியாக வைத்திருக்கிறேன்.

மூன்று விஷயம் பாருங்கள். எந்தப் பக்கமாவது சாய்கிறதா? மூக்கு தாழ்ந்திருக்கிறதா, வால் தாழ்ந்திருக்கிறதா? முதுகு எவ்வளவு வெளியே தெரிகிறது? பிறகு விரலால் அழுத்திப் பக்கவாட்டில் படுக்கவைத்து விடுங்கள். படுத்தது படக்கென்று எழுந்து நிற்க வேண்டும். சோம்பேறித்தனமாக எழுந்தால் வயிற்றில் எடை போதாது. இந்த ஒரு சோதனையைத் தாண்டாத லூரை வேகமாக இழுத்தால் கட்டாயம் சுழலும். என் எட்டு லூரும் இதில்தான் தோற்றவை, அப்போது எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஈயக் கம்பியை வயிற்று முள்ளின் தண்டில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றிக்கொண்டே மிதக்கவிடுங்கள். லூர் நீங்கள் நினைத்தபடி நிற்கும்போது கம்பியைக் கழற்றி நிறுங்கள். 1.4 கிராம் என்றால், லிப்புக்கும் வயிற்று வளையத்துக்கும் இடையில், வயிற்றின் அடியில், நடுக்கோட்டில் ஓட்டை போட்டு அதே 1.4 கிராமை உள்ளே வைத்து எபாக்சிப் பசையால் மூடுங்கள். இரண்டு எச்சரிக்கை. வெளியே தொங்கிய எடை உடலுக்குள் ஏறும்போது நிலைப்பு கொஞ்சம் குறையும். அதனால் ஓட்டை வயிற்றுத் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்து, பெயின்டும் மேல்பூச்சு எபாக்சியும் இன்னும் எடை சேர்க்கும். என் லூர்களில் ஏறக்குறைய ஒரு கிராம். அதனால் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் அதிகமாகவே மிதப்பது நல்லது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிஸ்கட் எடுக்காதீர்கள்.

மேல்பூச்சு முடிந்த லூரென்றால் இதே தொட்டியில் ராத்திரி முழுக்க அமுக்கி வையுங்கள். காலையில் துடைத்து நிறுத்துப் பாருங்கள். 0.2 கிராம் ஏறியிருந்தால் எங்கோ தண்ணீர் உள்ளே போகிறது. பெரும்பாலும் வளையம் நுழைந்த இடமாகவோ லிப் செருகிய வெட்டாகவோ இருக்கும்.

மூன்றாம் படி: இழுத்துப் பார்த்தல்

இதுதான் நெஞ்சுப் பகுதி, அவசரப்படாதீர்கள். தெளிந்த தண்ணீர் நாலைந்து மீட்டர் நீளம் வேண்டும். பக்கத்து வீட்டு நீச்சல்குளம் அருமை, பிள்ளைகள் குளிக்காத நேரமாக. டர்பன் பக்கம் பல நீச்சல்குளங்களில் உப்புப் போட்டுக் குளோரின் உண்டாக்குகிறார்கள். மிதக்கும் லூருக்கு அந்த உப்பால் குறை ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீருக்குள் அந்தரத்தில் நிற்கும்படி செய்த லூரை அங்கே அளவெடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் நின்றது குளத்தில் மெல்ல இறங்கிவிடும். குளிர்ந்த தண்ணீருக்கும் அடர்த்தி அதிகம். ஜூலையில் அளவெடுத்த லூர் ஜனவரியில் கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கும்.

குளத்தில் போடப்போகும் அதே தூண்டில் நரம்பைக் கட்டுங்கள். நான் 12 பவுண்டு இழுப்பு தாங்கும் நைலானில் சோதிக்கிறேன். முடிச்சும் முக்கியம். லூரின் முன்னால் நரம்பு கட்டும் வளையத்தில், அதாவது ‘கண்ணில்’, இறுக்கிக் கட்டினால் தலை ஆடாது. திறந்து மூடும் சின்ன வட்டக் கம்பிக் கொக்கி (‘ஸ்னாப்’) போடுங்கள், அல்லது தளர்ந்த வளைய முடிச்சு. ஒரு நாள் ஸ்னாப், மறுநாள் முடிச்சு என்று மாற்றினால் எது லூரின் குணம், எது முடிச்சின் குணம் என்று பிரிக்க முடியாது.

தூண்டில் கழியின் (ராட்) நுனியிலிருந்து இரண்டு மீட்டர் நரம்பு விட்டு, குளத்தோரம் நடந்தபடி இழுங்கள். முதலில் ஆமை நடை, அடுத்து சாதாரண நடை, கடைசியில் ஓட்டம். நல்ல லூர் ஆமை நடையிலேயே ஆடத் தொடங்கும், ஓட்டத்திலும் நேராக வரும். செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வால் இடது பக்கம் போய், வலது பக்கம் வந்து, மறுபடி இடது பக்கம் வர 40 படம் ஆனால் நொடிக்கு 6 ஆட்டம். இந்த எண் நோட்டில் இருந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொரு லூரோடு ஒப்பிடலாம். ‘நன்றாக ஆடியது’ என்று எழுதி வைத்தால் எதற்கும் உதவாது. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

லூர் ஒரு பக்கமாக ஓடினால் முன்னால் நரம்பு கட்டும் கண்ணை வளைக்க வேண்டும். எல்லாரும் குழம்புகிற இடம் இது. லூரின் மூக்கு உங்களைப் பார்க்கும்படி, தண்ணீரில் வந்தது போலவே பிடியுங்கள். அது உங்கள் வலது கைப்பக்கம் ஓடியதா? கண்ணை உங்கள் இடது கைப்பக்கம் வளையுங்கள். மூக்குக் குறடால் கண்ணின் அடியைப் பிடித்து, ஒரு மயிரிழை. வளைந்தது கண்ணுக்குத் தெரிந்தால் அதிகமாக வளைத்துவிட்டீர்கள். திரும்ப இழுங்கள், திரும்ப ஒரு மயிரிழை. கண்ணை முறுக்கக் கூடாது, சாய்க்கத்தான் வேண்டும். முறுக்கினால் எபாக்சி விரிசல் விட்டு அந்த வழியாகத் தண்ணீர் நுழையும்.

நாலைந்து முறை வளைத்தும் அடங்கவில்லையா, குற்றம் கண்ணில் இல்லை. லூரைப் பின்னாலிருந்து பாருங்கள்: லிப் கோணலாக இருக்கும், அல்லது ஈயம் நடுக்கோட்டைவிட்டு விலகியிருக்கும். மெதுவாக வரும்போது நன்றாக ஆடி, வேகத்தில் படுத்துக்கொண்டு மேலே வந்தால் லிப் பெரிதாகிவிட்டது. இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் அரத்தால் ராவிவிட்டு மறுபடி பாருங்கள். எந்த வேகத்திலும் ஆடாமல் குச்சி மாதிரி வந்தால் லிப் சிறிது, அல்லது ஈயம் அதிகம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். லிப்பையும் ராவி, ஈயத்தையும் குறைத்து, முள்ளையும் மாற்றிவிட்டு “சரியாயிடுச்சு மாமா” என்று அக்கா மகன் வந்து நின்றபோது, எதனால் சரியானது என்று கேட்டேன். பதில் இல்லை.

பின்லாந்தில் லவுரி ரப்பலா 1936இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் தாளைச் சுற்றி, பழைய புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசித் தன் முதல் லூரைச் செய்தார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம் லூரைத் தொட்டியில் நீந்தவிட்டுச் சரிபார்ப்பதைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டது.

நான்காம் படி: குளத்தில், மீனைத் தேடாமல்

முதல் குளப் பயணத்திலும் முனை நறுக்கிய முள்தான். தோள்வலிக்க எறிந்து மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எறியும்போது காற்றில் எப்படிப் போகிறது? கோரல் மரத்து லூர் எதிர்க்காற்றில் கரும்புச் சோகை மாதிரிப் புரண்டு, பாதி தூரத்தில் விழும். ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மீன் இருக்கும் இடத்துக்குப் போகாத லூர் வீண்.

எவ்வளவு ஆழம் போகிறது? மூங்கில் கழியில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு டேப் சுற்றி, கரையிலிருந்தும் மடையின் மேலிருந்தும் எட்டிய இடமெல்லாம் ஆழம் குத்திப் பாருங்கள். பிறகு ஒரே மாதிரி 20 மீட்டர் எறிந்து, தெரிந்த ஆழத்தின் மேல் இழுத்து வாருங்கள். ஒன்றரை மீட்டர் இடத்தில் லிப் சேற்றைத் தட்டினால் நரம்பில் டக் டக் என்று கை உணரும், லிப்பிலும் சேறு ஒட்டி வரும். இரண்டு மீட்டர் இடத்தில் தட்டவில்லை என்றால் விடை இரண்டுக்கும் நடுவில். நரம்பு தடித்தால் ஆழம் குறையும், வீச்சு குறைந்தாலும் குறையும். அதனால் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

தடங்கலில் முட்டினால் என்ன ஆகிறது? மூழ்கிய கிளையில் வேண்டுமென்றே மோதவிடுங்கள். நல்ல லூர் லிப்பால் முட்டி, உதறி, பக்கத்தில் தாவி மறுபடி நேராகும். பேஸ் கவ்வுவது பெரும்பாலும் அந்தத் தாவலில்தான். சிக்கினால் இழுக்காமல் நரம்பைத் தளர்த்துங்கள். மிதக்கும் லூர் பின்னால் நழுவித் தானே மேலே வரும். வெடுக்கென்று இழுத்தால் விடுபட்டு முகத்துக்கு நேராகப் பறந்து வரும். கண்ணாடி போடாமல் இந்தச் சோதனை வேண்டாம். என் இடது புருவத்தில் உள்ள தழும்பு முனை நறுக்கிய முள் போட்டது. நறுக்காததாக இருந்தால் கண்.

ஐந்தாம் படி: இப்போது பேஸ்

எப்போது சோதிக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வசந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது, பேஸ் முட்டையிடும் காலமும் அதுவே. காவல் மீன் பசிக்காகக் கவ்வுவதில்லை, விரட்டுவதற்காகக் கவ்வுகிறது. அதை வைத்து லூரை மதிப்பிட முடியாது. அதைப் பிடித்துக் கரையில் வைத்திருக்கும் நேரத்தில் சிறுமீன்கள் முட்டையைத் தின்றுவிடும். எங்கள் வீட்டில் அது புரட்டாசி வேறு. மீன் பேச்சே கிடையாது. ஆகவே செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை எனக்கு இழைப்பும் தொட்டியும் மட்டுந்தான்.

மற்ற மாதங்களில், கையால் செய்ததோடு கடையில் வாங்கிய ஒரு லூரையும் கொண்டுபோங்கள். அதே நீளம், ஏறக்குறைய அதே ஆழம், இந்தக் குளத்தில் முன்பே மீன் பிடித்தது. அது அளவுகோல். அது இல்லாமல் போனால், மீன் கவ்வாத நாளில் லூரைக் குறை சொல்வதா குளத்தைக் குறை சொல்வதா என்று தெரியாது. நிறமும் நெருங்கியிருக்கட்டும். எங்கள் குளத்துப் பேஸ் தின்பது குட்டி ஜிலேபிக் கெண்டையை, இங்கே கர்ப்பர் என்பார்கள். அதனால் ஒலிவப் பச்சை முதுகு, பக்கத்தில் மங்கிய கறுப்புப் பட்டைகள்.

முள் கூரின் பின்னால், மீன் நழுவாமல் இருக்க இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். காசைச் சுண்டி எது முதலில் என்று முடிவு செய்யுங்கள். ஓர் இடத்தில் ஒன்றைப் பத்து வீச்சு, மற்றதைப் பத்து வீச்சு. அடுத்த இடத்தில் வரிசையைத் திருப்புங்கள். இந்தத் திருப்பல்தான் உயிர்நாடி. சின்னக் குளத்து மீன் சீக்கிரம் உஷாராகிவிடும். முதலில் போகும் லூருக்கு எப்போதும் சலுகை. ஒரு நாளைக்கு நாற்பது வீச்சு போதும். அப்புறம் குளத்துக்கு ஒரு வாரமாவது ஓய்வு கொடுங்கள்.

நோட்டில் மீன் எண்ணிக்கை மட்டும் போதாது. பின்தொடர்ந்து வந்து திரும்பியது, முட்டியது, மாட்டி நழுவியது, கரை சேர்ந்தது என நான்கையும் தனித்தனியாகக் குறியுங்கள். நிறைய மீன் பின்னால் வந்து ஒன்றும் கவ்வவில்லை என்றால் ஆட்டம் பிடித்திருக்கிறது, ஏதோ ஒன்று உறுத்துகிறது. வேகத்தையோ நிறத்தையோ மாற்றிப் பாருங்கள். முட்டியது நிறைய, மாட்டியது குறைவு என்றால் முள்ளின் அளவு, அது தொங்கும் இடம். பேஸ் சின்ன மீனைத் தலைப்பக்கம் கவ்வும் வழக்கம் உள்ளது, வயிற்று முள் முன்னால் இருப்பது நல்லது. நேரம், வெயில், காற்று, தண்ணீரின் வெதுவெதுப்பு எல்லாம் ஒரு வரியில்.

ஒரு காலையில் என் லூருக்கு மூன்று, கடை லூருக்கு ஒன்று. அக்கா மகன் அன்றைக்கே படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் என்னுடையதுக்குப் பூஜ்யம், கடையினுடையதுக்கு இரண்டு. நாலைந்து முறை போய், நூற்றைம்பது வீச்சுக்கு மேல் சேர்ந்த பிறகுதான் எழுத்தில் எதையாவது சொல்லத் துணிவேன். அப்போதும் “இந்தக் குளத்தில், இந்தப் பருவத்தில்” என்று சேர்த்துத்தான்.

மீனை ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, உடனே விடுங்கள். படம் ஒன்று போதும்.

திரும்பி வந்ததும்

வீடு வந்ததும் மறுபடி நிறுங்கள். பூச்சில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் லூரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்; மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து எபாக்சி கொப்பளித்துவிடும். தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழுக்களோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், அவற்றின் எண்ணெய் பெயின்டை இளக்கும். இரண்டும் நான் பணம் கொடுத்துக் கற்றவை.

எல்லாம் தாண்டிய லூர் கையில் இருக்கிறதென்றால் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி: அதே மாதிரி இன்னொன்று செய்யுங்கள். என்னுடைய 14ஆம் எண் லூர் எல்லாவற்றிலும் தேறியது. அதே பலகையின் மறுமுனையில் 15ஐ வெட்டினேன். அதே வடிவம், அதே சிடி, அதே 1.4 கிராம் ஈயம். தராசில் 0.7 கிராம் கூட. அந்த முனையில் மரம் இறுகலாக இருந்திருக்கிறது. தொட்டியில் விட்டால் முதுகு தண்ணீருக்கு அடியில். இப்போது அதன் வயிற்றைக் குடைந்து ஈயத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான் அக்கா மகன். 14ஐ அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.